அறுபது பாகையில் ஒரு பர்னூஸ்

கம்பளியை அறுபது பாகை வெந்நீரில் தோய்க்கக் கூடாது என்று, பலெர்மோவுக்குப் புதிதாக வீட்டு வேலைக்கு வருகிற எங்கள் ஆட்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுப்பேன். கேட்காவிட்டாலும் சொல்லிக் கொடுப்பேன். அப்பேர்ப்பட்ட நான், ஒரு திங்கட்கிழமை பின்னேரம், பல்லரோச் சந்தைக்குப் பின்னால் இருக்கிற காசு போட்டுத் தோய்க்கும் கடையில், மொன்செஃபினுடைய பர்னூஸை அறுபது பாகையில் தோய்த்தேன். அது போதாதென்று உலர்த்தும் இயந்திரத்திலும் போட்டேன். உள்ளே போகும்போது அது ஓர் உயர்ந்த மனிதனைத் தலையிலிருந்து கணுக்கால் வரை மூடும் கம்பளிப் போர்வை. வெளியே வரும்போது, முதலாம் வகுப்புப் பிள்ளை மாறுவேடப் போட்டிக்கு உடுத்துக்கொண்டு போகும் அளவில் இருந்தது.

மணம் மட்டும் அருமை. லவெண்டர்.

மொன்செஃப் தூனிசியாக்காரன். சந்தையில் ஒலிவ் காய் விற்கிறான். நான் இருக்கும் அறைக்கு நேர் கீழே, முன்னொரு காலத்தில் குதிரை கட்டிய கீழ்த்தளத்தை அவனும் இன்னும் சிலரும் வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள். வியாழன் பின்னேரங்களில் அங்கே பாய் விரித்து வட்டமாக இருந்து, கடவுளின் பெயரைச் சேர்ந்து சொல்லுவார்கள். மெதுவாகத் தொடங்கும். மூச்சோடு மூச்சாக ஏறும். பிறகு அடங்கும். முடிந்ததும் புதினாத் தேத்தண்ணி. இவர்கள் சூஃபிகள் என்று எனக்குத் தெரிய வந்தது மிகவும் பிந்தி. முதல் இரண்டு மாதமும் ஏதோ தொழிற்சங்கம் என்று நினைத்திருந்தேன்.

அங்கே நான் போகத் தொடங்கியது முறைப்பாடு சொல்ல. உண்மையில் அந்தச் சத்தம் எனக்கு ஓர் இடைஞ்சலும் இல்லை. யாரோடாவது கதைக்க ஒரு சாட்டு வேண்டியிருந்தது. முறைப்பாடுதான் கைக்கு எட்டியது. கதவைத் திறந்த மொன்செஃப் ஒன்றும் கேட்காமல் கையில் ஒரு கிளாஸ் தேத்தண்ணியைத் தந்தான். வந்த விஷயம் மறந்துபோயிற்று. அன்றிலிருந்து வியாழன் தவறாமல் கதவடியில், கவிழ்த்து வைத்த ஒலிவ் வாளியொன்றின் மேல் இருந்து, எனக்கு விளங்காத மொழியில் எனக்குப் பழக்கமில்லாத கடவுளைக் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். வீட்டில் பிள்ளையார் படத்துக்கு விளக்கு ஏற்றிவிட்டுத்தான் இறங்கிப் போவேன். நீ யார், ஏன் வருகிறாய், எப்போது எங்கள் பக்கம் வருவாய் என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. பலெர்மோவில் எனக்கென்று ஓர் இருக்கை இருக்கிறது என்றால் அது அந்த வாளிதான்.

மற்ற இருக்கைகள் லெஸ்டரில் இருக்கின்றன. மனைவி குகனேஸ்வரியும் மகள் நிலக்ஷியும் இத்தாலியக் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு, இங்கிலாந்து கதவை மூடுவதற்கு முன் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நானும் போயிருக்க வேண்டியவன். ஆனால் வீடு மாறியபோது புது விலாசத்தை நகரசபையில் பதிய மறந்துபோனேன். அரசாங்கத்தின் கண்ணுக்குச் சில காலம் நான் எங்குமே இருக்கவில்லை. எங்குமே இல்லாதவனுக்கு யார் குடியுரிமை கொடுப்பார்கள்? “நீங்கள் போங்கோ, நான் பின்னாலை வாறன்” என்று விமான நிலையத்தில் சொன்னேன். இன்றைக்கும் பின்னால்தான் நிற்கிறேன்.

மொன்செஃப் தாயைப் பார்க்க ஊருக்குப் போனான். தூனிஸ் கப்பல் ஏறும்போது, புதினாச் சாடிகளுக்குத் தண்ணி விடவும் பூனைக்குச் சாப்பாடு வைக்கவும் சாவியை என்னிடம் தந்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கால் நூற்றாண்டு மற்றவர் வீடுகளைத் துடைத்தவனுக்கு அன்பு காட்ட வேறு வழி தெரிவதில்லை. நிலத்தை உரஞ்சினேன். கேத்தலில் படிந்திருந்த சுண்ணாம்பைச் சுரண்டினேன். தேத்தண்ணிக் கிளாஸ்களை வினாகிரியில் ஊறவிட்டேன். பிறகு நிமிர்ந்து பார்த்தேன். ஆணியில் பர்னூஸ் தொங்கியது.

அதை அவன் வருடத்தில் ஒரு நாள் உடுப்பான். தகப்பன் இறந்த நாளையொட்டி வருகிற வியாழன். மற்ற நாளெல்லாம் அது சுவரில் தொங்கும். மண் நிறம். கழுத்துப் பக்கம் எண்ணெய் ஏறி மினுங்கும். கிட்டப் போனால் புகை, ஆடு, பழைய வேர்வை. பாவம், தோய்த்துக் கொடுக்க ஆளில்லை என்று நினைத்தேன். அந்த வியாழன் அடுத்த கிழமை. பளிச்சென்று ஆக்கி வைத்தால் எவ்வளவு சந்தோசப்படுவான்!

இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும்போது கைத்தொலைபேசி அடித்தது. குகனேஸ்வரி.

“இஞ்சேருங்கோ, என்ன செய்யிறியள்?”

“தோய்க்கிறன்.”

“ஆற்றை உடுப்பு?”

“கீழ்வீட்டுக்காரன்ரை.”

“அந்தாள் கேட்டவரோ?”

“இல்லை.”

“அதானே பாத்தன்.”

முந்தியென்றால் இதற்கு அரை மணித்தியாலம் ஏசியிருப்பாள். குகனேஸ்வரி நல்ல சண்டைக்காரி. சொதிக்குப் புளி கூடினாலும் ஏசுவாள், நான் மழையில் குடையைத் தொலைத்தாலும் ஏசுவாள். லெஸ்டருக்குப் போன பிறகு ஒருநாள்கூட ஏசியதில்லை. மிகவும் மரியாதையாகக் கதைக்கிறாள். அதுதான் எனக்குப் பயம்.

“குகா, ஈஸ்டருக்கு நான் ஒருக்கா அங்கை வரட்டோ?”

கொதித்த தண்ணீரை அவள் அடுப்பிலிருந்து இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

“பாப்பம்,” என்றாள்.

ஓம் என்றால் பெட்டி அடுக்கலாம். வேண்டாம் என்றால் அழுதுவிட்டு அலுவலைப் பார்க்கலாம். பாப்பம் என்றால் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான். நின்றேன். நின்றபடியே கையில் பட்ட பொத்தானை அமத்தினேன். அது பருத்திக்குரிய பொத்தான்.

அன்றிரவு யூடியூபில் ஓர் அமெரிக்கப் பெண், சுருங்கிய கம்பளியைத் தலைமயிருக்குப் போடும் கண்டிஷனரில் ஊறவைத்து இழுக்கச் சொன்னாள். ஊறவைத்தேன். ஒரு நுனியைக் கட்டில் காலில் கட்டி இழுத்தேன். கட்டில்தான் என்னை நோக்கி வந்தது.

மறுநாள் காலை செனியோரா வீட்டுக்கு வேலைக்குப் போனேன். செனியோரா என்று நான் கூப்பிடும் அந்த வீட்டுக்கார அம்மா ஓய்வு பெற்ற பேராசிரியை. பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய வரலாறு படிப்பித்தவர். முழங்கால் போய்விட்டது, நாக்கு போகவில்லை. அவரிடம் ஒரே ஒரு குறை. எதைக் கேட்டாலும் “இதில் இரண்டு கருத்து உண்டு” என்பார். சூப்புக்கு உப்புக் காணுமோ என்று கேட்டால், தன் நாக்கின் கருத்து ஒன்று, வைத்தியரின் கருத்து இன்னொன்று என்பார். அவருடைய இத்தாலியம் இலக்கணம் பிசகாதது. தமிழில் சொன்னால் வானொலிச் செய்தி போலத்தான் வரும்.

“செனியோரா, இந்தச் சூஃபிகள் ஏன் கம்பளி போட்டவை?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “இத்தனை வருடம் என் புத்தகங்களில் தூசு தட்டுகிறீர்கள், சோதிலிங்கம். இன்றைக்குத்தான் அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்கள். அந்தத் துணியைக் கீழே வையுங்கள். உட்காருங்கள்.”

உட்கார்ந்தேன். அன்று சமையல் நடக்கவில்லை.

நபி இறந்து இரண்டு தலைமுறை போவதற்குள், ஒட்டகம் மேய்த்தவர்களின் கையில் பாதி உலகம் வந்து விழுந்துவிட்டதாம். டமாஸ்கசில் அரண்மனை, பட்டு, வெள்ளித் தட்டு. தெற்கு ஈராக்கில் பஸ்ரா என்ற பட்டாளத்து ஊரில் சிலருக்கு மட்டும் இது வயிற்றைப் புரட்டியிருக்கிறது. நாங்கள் கேட்டது இதுவா, எங்களுக்குச் சொல்லப்பட்டது இதுவா என்று விசாரப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் பட்டுக்குப் பதில் கம்பளியை எடுத்து உடுத்தார்கள். அந்தக் காலத்தில் கம்பளி அடிமைகளும் இடையர்களும் கிறிஸ்தவத் துறவிகளும் உடுக்கிற உடுப்பு, உடம்பை அரிக்கும். இரவில் நித்திரை கொள்ள மாட்டார்கள். அழுவார்கள். அழுகைக்காரர் என்றே சிலருக்குப் பெயர்.

“ஏன் அழுதவை?”

“இரண்டு கருத்து உண்டு. கடவுளுக்குப் பயந்து என்பது ஒன்று. அது முந்தியது. கடவுளை நினைத்து ஏங்கி என்பது இன்னொன்று. அது பஸ்ராவிலேயே ஒரு பெண்ணிடமிருந்து தொடங்கியது என்பார்கள். பயத்திலிருந்து ஏக்கத்துக்குப் போக அவர்களுக்கு நூறு வருடம் பிடித்தது.”

எனக்கு அவ்வளவு காலம் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

“பேந்து?”

“பிறகு வழக்கமாக நடப்பதுதான். பெருமை வேண்டாம் என்று போட்ட கம்பளி பெருமையாகிவிட்டது. எவன் கம்பளி கந்தல், எவன் கம்பளியில் ஒட்டு அதிகம் என்று போட்டி. வெளியே கம்பளி, உள்ளே கர்வம் என்று அந்தக் காலத்திலேயே கேலி பண்ணியிருக்கிறார்கள். நிஷாப்பூரில் சிலர் கம்பளியைக் கழற்றி எறிந்துவிட்டு, சந்தைக்காரர் மாதிரி உடுத்து, பக்தியை ஒளித்துக்கொண்டு திரிந்தார்கள். நல்லவன் என்று பெயர் வாங்குவதைவிட ஏச்சு வாங்குவது மேல் என்பது அவர்கள் கட்சி. பாக்தாதில் இன்னும் சிலர், அழுகையும் ஆட்டமும் போதும், புத்தி தெளிந்து இருங்கள் என்றார்கள். இதெல்லாம் நடந்து நெடுங்காலத்துக்குப் பிறகுதான் குரு தன் போர்வையைச் சீடனுக்குப் போர்த்தும் வழக்கம் நிலைத்தது. கையிலிருந்து கைக்கு. ஒரு போர்வைக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.”

கட்டில் காலில் கட்டி இழுத்தது எனக்கு ஞாபகம் வந்தது.

“இஞ்சை பலெர்மோவிலையும் அந்த நாளிலை இருந்தவையோ?”

செனியோரா சிரித்தார். “ஆயிரம் வருடத்துக்கு முன் இங்கே வந்த ஒரு பயணி எழுதி வைத்திருக்கிறார். கடற்கரை நெடுக மடங்கள் இருந்தனவாம். அவற்றில் இருந்தவர்கள் பெரும்பாலும் வேலைவெட்டி இல்லாத போலிகள், தானச் சோற்றுக்காகப் பக்தி வேடம் போட்டவர்கள் என்று திட்டியிருக்கிறார்.”

அப்படியானால் நான் பொருத்தமான ஊருக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறேன்.

“செனியோரா, அப்பிடி ஒரு போர்வையை ஆரும் பழுதாக்கினால்?”

“பரவசத்தில் கிழித்துக்கொண்டால் துண்டுகள் யாருக்கு என்பதற்கு விதிகள் உண்டு. பாடியவருக்கா, கூடியிருந்த எல்லாருக்குமா என்று...”

“இரண்டு கருத்து.”

“ஆம். எப்படிப் பழுதானது?”

“அறுபது பாகை.”

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். “சலவை இயந்திரத்தைப் பற்றி மூலநூல்களில் ஒன்றும் இல்லை,” என்றார். பிறகு, நான் சூப்பைச் சூடாக்க எழும்பும்போது, தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்: “எல்லாம் ஆட்டு இடையனின் போர்வையில் தொடங்கியது. மாதோனியே மலையில் நம்முடைய கிழட்டு இடையர்கள் போட்டுக்கொண்டு திரிந்தார்களே, அதே மாதிரி ஒன்று.”

அவர் வரலாறு சொன்னார். எனக்கு வழி கிடைத்தது.

அந்தக் கிழமை வியாழன் கீழே ஒருவரும் வரவில்லை. சாவி என்னிடம்; மொன்செஃப் தன் ஊரான நெஃப்தாவில். இருந்தாலும் அந்த நேரம் வந்ததும் கால் தானாகப் படியிறங்கிப் போயிற்று. கதவைத் திறந்து வாளியில் இருந்தேன். நான் உரஞ்சிய நிலம் ஆசுபத்திரி மாதிரி மினுங்கியது. பூனை வந்து பார்த்துவிட்டு, எதிர்பார்த்த ஆள் இல்லையென்று போய்விட்டது. அவர்கள் சொல்லும் பெயரை நானும் ஒருக்கால் சொல்லிப் பார்த்தேன். கூடச் சொல்ல ஆளில்லாமல் அது வாய்க்குள்ளேயே நின்றது. கேத்தலை வைக்கவும் மனம் வரவில்லை. ஒரு ஆளுக்கென்று அந்தக் கேத்தலில் தேத்தண்ணி போட முடியாது, அவ்வளவு பெரிது.

சனிக்கிழமை கபோச் சந்தைக்குப் போய், பழைய சாமான் விற்கும் கடையொன்றில் கடைசியாக அதைக் கண்டுபிடித்தேன். சிசிலி இடையனின் போர்வை. தலைத்தொப்பி, கைகள் இல்லை, கணுக்கால் வரை நீளம். எல்லாம் பொருந்தியது, நிறத்தைத் தவிர. மொன்செஃபினுடையது மண் நிறம், இது கறுப்பு.

“ஆற்றை இது?” என்று கடைக்காரச் சிசிலி மனுசியை இத்தாலியத்தில் கேட்டேன்.

“என்ரை மாமனாற்றை. மனுசன் செத்து இவ்வளவு காலமாச்சு, மணம் இன்னும் போகேல்லை. பேந்து வந்து கத்தக் கூடாது.”

“மணம் போகாதெண்டு உறுதியாச் சொல்லுவியளோ?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இதுவரை யாரும் அவளிடம் அந்த உத்தரவாதத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கீழ்த்தளத்தில் ஒரு மங்கல் பல்புதான் எரிகிறது, மங்கலில் கறுப்பும் மண் நிறமும் ஒன்றுதான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு ஆணியில் தொங்கவிட்டேன். சுருங்கியதை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி என் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

ஞாயிறு மலைக்குப் போனேன். எங்கள் ஆட்கள் இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு ஏறாத ஞாயிறு இல்லை. பெரிய இடத்துப் பெண், எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தக் குகைக்குள் தனியாக இருந்து செத்தவள். மெழுகுதிரி ஏற்றி வைத்து, மொன்செஃப் என்னை வெளியே தள்ளிவிடாமல் பார்த்துக்கொள் தாயே என்றேன். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம்தான் கேட்டது. பஸ்ராக்காரர் விட்டுவிட்டுப் போனார்கள், இவளும் விட்டுவிட்டுப் போனாள். தாங்களாகப் போனவர்கள். எனக்கு அந்தப் பெருமையும் இல்லை. நான் மறதியால் துறவியானவன்.

செவ்வாய்க்கிழமை மொன்செஃப் வந்தான். பேரீச்சம்பழப் பெட்டியோடு படியேறி வந்து என்னைக் கட்டிப் பிடித்தான். இரண்டு பேருமாக இறங்கிப் போனோம். அவன் கதவைத் திறந்தான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே நின்றான். நிலத்தைப் பார்த்தான், கேத்தலைப் பார்த்தான், ஆணியைப் பார்த்தான். ஆணியில் கண் கொஞ்சம் கூடுதலாக நின்றது. நானும் அவனும் கதைப்பது சந்தை இத்தாலியம். நான் எழுதும்போது அவன் வாயில் யாழ்ப்பாணம் வந்துவிடுகிறது, மன்னிக்க வேண்டும்.

“நல்லாக் கஷ்டப்பட்டிருக்கிறீர்,” என்றான்.

“இதென்ன கஷ்டம். அம்மா எப்பிடி?”

“இருக்கிறா.” மறுபடியும் ஆணியைப் பார்த்தான். “எல்லாம் அவன்ரை நாட்டம்.”

தாயைச் சொன்னானா, ஆணியைச் சொன்னானா என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன்.

புதன் பின்னேரம் அவன் கடைக்குப் போனேன். வாங்க ஒன்றும் இல்லை. சந்தையில் மீன்காரர் கத்துகிறார்கள், கத்தரிக்காய்காரர் கத்துகிறார்கள், மொன்செஃப் மட்டும் ஒலிவ் காய்களை அகப்பையால் மெதுவாகக் கிளறிக்கொண்டு நிற்கிறான். என்னைக் கண்டதும் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. வீட்டுக்காரர் வேலைக்காரனுக்குத் தருகிற நல்ல சிரிப்பு. குறை சொல்ல இடமே இல்லாதது.

“நாளைக்கு நான் கீழை வரலாமோ?” என்று கேட்டேன். அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. முந்தியெல்லாம் கேட்காமல்தான் போவேன்.

“இன்ஷா அல்லா,” என்றான், ஒலிவ் காயைப் பார்த்தபடி. பிறகு ஒரு கடதாசிச் சுருளில் நல்ல காயாகப் பார்த்துப் போட்டுத் தந்தான்.

குகனேஸ்வரி லெஸ்டரிலிருந்து இங்கே வந்து ஒலிவ் விற்பதுபோல் இருந்தது.

வியாழன். போவதா விடுவதா என்று படியில் ஏறி இறங்கினேன். கடைசியில் உள்ளே சத்தம் தொடங்கிய பிறகு போனேன். வாளி இருந்த இடத்திலேயே இருந்தது. மொன்செஃப் நடுவில், அந்தக் கபோ மனுசியின் மாமனாருடைய கறுப்புப் போர்வைக்குள். தொப்பியைத் தலைக்கு மேல் இழுத்து விட்டிருந்தான். முகம் தெரியவில்லை. மங்கல் வெளிச்சத்தைப் பற்றி நான் போட்டிருந்த திட்டம் எவ்வளவு மடத்தனம் என்று அப்போது விளங்கியது. குருடனுக்கும் தெரியும் அது கறுப்பு என்று. பக்கத்தில் இருந்த ரொசாரியோ, இந்த ஊர்க் குழாய்த் தொழிலாளி, சில வருடத்துக்கு முன் இவர்களோடு சேர்ந்தவன், பழைய கடையின் அந்துருண்டை மணத்துக்கு இரண்டு தரம் தும்மினான்.

பெயர் ஏறியது. மூச்சு ஏறியது. அறை முழுதும் ஒரே நெஞ்சாக அடித்துக்கொண்டது. நடுவில் அந்தக் கறுப்புத் தொப்பி குனிந்து குலுங்கத் தொடங்கியது. மொன்செஃப் அழுதான். சத்தம் போடாமல், ஆனால் நிறுத்தாமல். மற்றவர்கள் அதைக் கண்டு தலையைக் குனிந்து, இன்னும் உருக்கமாகச் சொன்னார்கள். நல்ல அழுகை என்று நினைத்திருப்பார்கள். பயமா ஏக்கமா என்று செனியோரா இருந்தால் இரண்டு கருத்துச் சொல்லியிருப்பார். எனக்கு மூன்றாவது கருத்து ஒன்று இருந்தது. அதை நான் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தேன்.

தேத்தண்ணி வந்தது. குடிக்க முடியவில்லை. எல்லாரும் போகும்வரை காத்திருந்து, மேலே ஓடிப்போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தேன். அவன் போர்வையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தான். பையை அவன் முன்னால் பாயில் வைத்தேன்.

அவன் அதை வெளியே எடுத்தான். தோள் இரண்டையும் விரல்களால் பிடித்துத் தூக்கினான். அவன் நெஞ்சளவுக்குக்கூட வரவில்லை. தடித்து, மொத்தமாகி, நிலவிரிப்பு மாதிரி இருந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான். ஒரு தரம் மூச்சை உள்ளே இழுத்தான். திரும்பவும் ஒரு தரம்.

“லவெண்டர்,” என்றான்.

“ஓம். தோய்ச்சனான். நான் வேணுமெண்டு செய்யேல்லை மொன்செஃப். உமக்குச் சந்தோசமா இருக்குமெண்டு...”

“தெரியும். அண்டைக்குக் கதவைத் திறந்த உடனையே தெரியும்.” பாயில் வைத்து நீவினான். “அந்தக் கறுப்பு எங்கை எடுத்தனீர்?”

“கபோவிலை. ஒரு இடையன்ரை.”

“நல்ல கம்பளி. எங்கடை முதல் ஆக்கள் போட்டதும் உப்பிடித்தான். துணி துணிதான் சோதி. தந்தவன் எடுத்தான். நீர் ஒண்டையும் யோசியாதையும்.”

அதே சிரிப்பு. அதைப் பார்க்கும்போது, இனிமேல் இவன் எனக்கு எப்போதும் நல்ல ஒலிவாகப் பார்த்துத் தருவான், பெருநாளுக்குப் பேரீச்சம்பழம் தருவான், படியில் கண்டால் தாய் எப்படி என்று சொல்லுவான், அவ்வளவுதான் என்று விளங்கியது.

“கோவமோ?” என்று கேட்டேன்.

“கோவம் சைத்தானிட்டை இருந்து வாறது.”

“நான் சைத்தானைக் கேக்கேல்லை.”

“பொறுமை எண்டது ஒரு படி. அதுக்கு மேலை இன்னும் படியள் இருக்கு. பஸ்ராவிலை எங்கடை ஆக்கள்...”

“பஸ்ரா ஆக்களையும் கேக்கேல்லை!” என் சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது. பூனை எழும்பி ஓடியது. “அவையளைப் பற்றிச் செனியோரா எனக்கு வடிவாச் சொல்லிப்போட்டா. அவையள் செத்து ஆயிரம் வருசம். நான் உம்மைக் கேக்கிறன். மொன்செஃபைக் கேக்கிறன். என்னிலை கோவமோ, இல்லையோ?”

அவன் பர்னூஸை நீவிக்கொண்டிருந்த கை நின்றது. கழுத்து நரம்பு எழும்பியது. ஏதோ ஓர் அரபுச் சொல்லைத் தொடங்கி, பாதியில் விட்டான். பிறகு கையை ஓங்கிப் பாயில் அடித்தான். கிளாஸ்கள் கிலுங்கின.

“கோவம்தான்!” என்றான். “சரியான கோவம். கப்பலாலை வந்து கதவைத் திறந்த நேரந்தொட்டுக் கோவம். அதுக்குள்ளை வாப்பான்ரை வேர்வை இருந்தது. அவரை மண்ணுக்குள்ளை தாட்ட பிறகு எனக்கு மிஞ்சினது அந்த மணம் ஒண்டுதான். வருசத்திலை ஒரு நாள் அதுக்குள்ளை தலையை விட்டால் அவர் இருப்பார். நீ சோப்புப் போட்டு அவரைக் கழுவிப்போட்டாய். கேக்காமல் கொள்ளாமல் கழுவிப்போட்டு, ஆரோ ஒரு ஆட்டுக்காரனைக் கொண்டுவந்து ஆணியிலை தொங்கவிட்டிருக்கிறாய். இண்டைக்கு முழுக்க நான் அழுதது உன்னை அடிக்கேலாமல்! நாளைக்கும் கோவமாத்தான் இருப்பன். அடுத்த வியாழனும் கோவமாத்தான் இருப்பன். நீ வராமல் மட்டும் விட்டுப் பார், அதுக்கும் சேத்துக் கோவிப்பன்.”